சபார்பெக் வேனை நிறுத்திய நான்கு நாள்கள்

எங்கள் ஊரிலிருந்து தலைநகர் பிஷ்கெக் போகும் ஒரே வேன் சபார்பெக்குடையது. காலை ஆறு மணிக்குக் கடைமுனையில் நிற்கும். பதினெட்டுப் பேர் உட்காரலாம் என்று தகட்டில் எழுதியிருக்கும். அந்தத் தகட்டை மறைத்துக்கொண்டு இரண்டு பேர் நிற்பார்கள்.

ஐம்பத்தொரு வயதில் சபார்பெக் இந்த வேனுக்கும் இந்த மரியாதைக்கும் வந்து சேர்ந்த கதை நேர்வழியானது அல்ல. சோவியத் காலத்துக் கூட்டுப்பண்ணையைக் கலைத்தபோது ஆளுக்குச் சில ஆடுகள் பங்கு கிடைத்தன. சபார்பெக் தன் பங்கை எட்டு வருஷம் விடாமல் குடித்தார். ஒரு குளிர்காலத்தில் பாலிக்சி நகரில், ஒரு வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டு, கல்யாணமாக இருக்கும், ஊற்றிக் கொடுப்பார்கள் என்று நுழைந்தார். ஜெபக்கூட்டம். தேநீர்தான் கொடுத்தார்கள். என்ன நடந்ததோ, மூன்று மணி நேரம் கழித்து ஈசாவோடு, அதாவது இயேசுவோடு, வெளியே வந்தார். அதற்குப் பிறகு குடிக்கவில்லை.

குடித்தபோது மன்னித்த எங்கள் முஸ்லிம் ஊர் குடியை விட்டதை மன்னிக்கவில்லை. அண்ணன் மம்பெத் எல்லோர் முன்னாலும், எனக்குத் தம்பியே கிடையாது என்று அறிவித்தார். ஆனாலும் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் வைக்கோல் ஏற்ற ஆள் வேண்டுமே. அந்த இல்லாத தம்பியைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊர்ஜனங்கள் சபார்பெக்கின் வேனைத் தாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்து, நல்ல நம்பிக்கையுள்ள இன்னொரு டிரைவரின் வேனில் ஏறினார்கள். அந்த நல்லவர் ஒருநாள் போதையில் போவாம் கணவாயில் ஒரு பாறையோடு வாக்குவாதம் செய்யப்போனார். பாறை ஜெயித்தது. மறுநாள் காலை எல்லோரும் சபார்பெக்கின் வேன் முன்னால் வரிசையில் நின்றார்கள்.

"இவன் யாரை வேணா கும்பிட்டுக்கட்டும். கண்ணு சிவக்காம ஓட்டுறான்ல, அது போதும்" என்று தீர்ப்புச் சொன்னவர் பள்ளிக்கூடச் சமையல்காரி சுயூம்கான். கிளம்புமுன் சபார்பெக் ஜெபம் செய்துகொள்ளலாம். ஆனால் கியரில் கை வைப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்கள்.

இப்படிப் பதினாறு வருஷம் ஓடியது. இந்த மார்ச் மாதம் அவர் மனைவி பூபூசாரா, குழாய் ஒழுகுகிறது என்று சொல்கிற குரலில், மார்பில் ஒரு கட்டி இருக்கிறது என்றாள். தபால் நிலையத்தில் இருபது வருஷம் எல்லோருடைய கெட்ட செய்திக்கும் முத்திரை குத்திக் கொடுத்தவள். தன்னுடையதையும் அப்படியே கொடுத்தாள். பிஷ்கெக்கில் கட்டியை எடுத்தார்கள். அது என்ன ஜாதிக் கட்டி என்று சோதித்துச் சொல்ல ஒரு வாரம் ஆகும். அதுவரை அவள் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும். துணைக்கு அவள் தங்கை இருந்தாள். பெண்கள் வார்டில் ஆண்களுக்கு வேலையில்லை என்று நர்ஸ் விரட்டியதால் சபார்பெக் ஊர் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை ஆண்ட்ரே கிம் வீட்டில். கிம் முன்பு மாட்டு டாக்டர். அவர் வீட்டு அறை பெரியது, அடுப்பும் புகையாது. அதனால் அவரே போதகரும் ஆனார். அன்று அவர் எகிப்திலிருந்து தப்பிய மோசேயின் ஜனங்களைப் பற்றிப் பேசினார். முன்னால் கடல், பின்னால் ராணுவம். நடுவில் சும்மா நில்லுங்கள் என்று கட்டளை.

சபார்பெக் சாட்சி சொல்ல எழுந்தார். எங்கள் சபையில் சாட்சி என்றால் நடந்து முடிந்ததைச் சொல்வது வழக்கம். இவர் நடக்காததைச் சொன்னார். ஆண்டவர் என் மனைவியைக் குணமாக்கிவிட்டார் என்றார். பதினோரு பேரும் ஆமென் என்றார்கள். அதோடு உட்கார்ந்திருந்தால் பிரச்சினையில்லை. செய்தி வரும்வரை நான் பிஷ்கெக் பக்கம் கால் வைக்க மாட்டேன், போய்ப் பார்த்தால் ஆண்டவரை வேவு பார்த்த மாதிரி ஆகிவிடும், இது என் வாக்கு என்றும் சேர்த்துக்கொண்டார். இந்த இரண்டாவது ஆமென் கொஞ்சம் தயங்கித்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது. சொன்ன ஆமெனை யாராலும் திரும்பப் பெற முடியாது.

திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கடைமுனையில் பதினான்கு பேர் நின்றார்கள். வேன் இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டால், வண்டி ஓடாது என்றார் சபார்பெக். பழுதா என்று கேட்டார்கள். இல்லை, விசுவாசம் என்றார். சுயூம்கானுக்குக் கடைவாய்ப் பல் வலி. ஒருவருக்குப் பாஸ்போர்ட் ஆபீசில் அன்றுதான் கடைசி நாள். வேறு வண்டி பிடிக்கப் பக்கத்து டவுன் கோச்கோருக்குப் பதினோரு கிலோமீட்டர் சேற்றில் நடக்க வேண்டும். எல்லோரும் நடந்தார்கள். ஒரு மனிதர் கடவுளை நம்பி உட்கார்ந்தால் எத்தனை பேர் நடக்க வேண்டியிருக்கிறது என்று அன்று ஊர் தெரிந்துகொண்டது.

உட்கார்ந்தார் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். கல்யாண விருந்தையே நின்றுகொண்டு சாப்பிடுகிற மனிதர் அவர். திங்கட்கிழமை முழுக்கக் கூரையில் மிச்சமிருந்த பனியைத் தள்ளினார். பனி தீர்ந்ததும் நல்ல வேலியைப் பிடுங்கி மறுபடி நட்டார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போனை எடுத்துச் சார்ஜ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். சார்ஜ் பார்ப்பது வேவு பார்ப்பதில் சேராது. செவ்வாய்க்கிழமை காலைக்குள் கால்கள் மூன்று தடவை அவரைக் கேட்காமல் வேனுக்குப் போய்விட்டன. மூன்றாவது தடவை சாவியும் கையில் இருந்தது. பயந்துபோனார். இனி இந்தக் கால்களை நம்ப முடியாது என்று, இன்ஜினின் மேல்பாகத்தையே கழற்றி, போல்ட் போல்ட்டாகத் தார்ப்பாயில் பரப்பி வைத்தார்.

அப்போதுதான் மம்பெத் வந்தார். குதிரையிலிருந்து இறங்காமல் தார்ப்பாயைப் பார்த்தார். தான் வந்த வேலையைச் சொன்னார்.

"சாராவுக்காக ஆடு அறுக்கப்போறேன்டா. அந்தக் கறுப்புக் கிடா. ஊரைக் கூப்பிட்டிருக்கேன். நீயும் வந்து கையேந்தி உக்காரு."

உடம்புக்கு ஆபத்து என்றால் இப்படி ஆடு அறுத்து, ஊருக்குப் போட்டு, எல்லோரும் கையேந்தி அல்லாவிடம் துஆ கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"வேணாம்ணே. அவளுக்காக ஏற்கெனவே ஒருத்தர் ரத்தம் சிந்தியாச்சு."

மம்பெத் நியாயமான மனிதர். யோசித்துப் பார்த்தார்.

"உன் ஆளு சிந்தினது எல்லாருக்கும் பொதுவாடா. இது அவளுக்குன்னு தனியா."

"ஆடு அறுத்தா எனக்கு நம்பிக்கை இல்லேன்னு ஆயிடும்ணே."

"நம்பிக்கை இருக்கிறவன் எதுக்குடா வண்டியைப் பிரிச்சுப் போட்டிருக்கே?"

சபார்பெக் ஸ்பானரைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த ஸ்பானர்.

புதன்கிழமை மம்பெத் வீட்டு முற்றத்தில் கிடா வெந்தது. காற்றும் அன்று சபார்பெக் வீட்டுப் பக்கமே அடித்தது. சபார்பெக் திங்கட்கிழமையிலிருந்து உபவாசம். மணம் வேலியைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, அவர் முழங்கால் போட்டிருந்த இடத்துக்கு வந்து எதிரில் உட்கார்ந்தது. சீக்கிரமாகச் செய்தி தாரும் என்று ஆரம்பித்தார். உடனே, அவசரப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதேயும் என்று திருத்தினார். பிறகு, ஆனாலும் சீக்கிரமாக என்றார். ஆயிரம் தடவை கேட்டுவிட்ட விண்ணப்பத்தை இன்னும் எப்படி மாற்றிக் கேட்பது என்று தெரியாமல் எழுந்து வேலிக்குப் போனார்.

சாயங்காலம் கிம் வந்தார். உதட்டில் கொழுப்பு மினுங்கியது. சமாதானத்துக்காகச் சாப்பிட வேண்டியதாயிற்று என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். பிறகு தார்ப்பாயைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"தம்பி, நான் சும்மா நில்லுன்னு மனசைப் பத்திச் சொன்னேன். வேனைப் பத்திச் சொல்லல."

"அதை ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கணும், ஐயா."

"பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்" என்ற சபார்பெக், ஒரு போல்ட்டை எடுத்து அதற்குச் சம்பந்தமில்லாத ஓட்டையில் திருகிக்கொண்டிருந்தார். கிம் அதைப் பார்த்தார். மாட்டு டாக்டராக இருந்தவர். வாய் பேசாத ஜீவன்களின் வலி அவருக்குத் தெரியும். பக்கத்தில் கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை போன் அடித்தது. பூபூசாரா.

ரிசல்ட் நாளைக்கு மூன்று மணிக்கு என்றாள். பிறகு கன்றுக்குட்டி குடிக்கிறதா என்று கேட்டாள். குடிக்கிறது என்றார்.

"எல்லா பொம்பளைங்களுக்கும் புருஷன் வந்து கீழ நிக்கிறாங்க. நான் ஜன்னல்லயே உக்காந்திருக்கேன். நீங்க ஏன் வரல?"

அவர் சபையில் கொடுத்த வாக்கைச் சொன்னார். அவள் குணமாகிவிட்டாள் என்று சாட்சி சொன்னதையும் சொன்னார்.

"என்னைக் கேக்காமயே குணமாக்கிட்டீங்களா?"

"விசுவாசத்துலதான் சொன்னேன் சாரா."

"எனக்கு அவ்வளவு விசுவாசம் இல்ல. பயமா இருக்கு. ராத்திரியெல்லாம் அவர்கிட்ட ஒண்ணுதான் கேட்டுட்டிருக்கேன். அந்த மனுஷனை இங்க அனுப்பி வையும்னு. இப்பத்தான தெரியுது, நாலு நாளா குறுக்க நின்னது நீங்கதான்."

"வாக்கு குடுத்துட்டேனே."

"யார்கிட்ட குடுத்தீங்களோ அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க கிளம்புங்க."

சபார்பெக் போனை வைத்தார். ஆண்டவர் தன்னைச் சோதிக்கிறார் என்றல்லவா நான்கு நாளாக எண்ணியிருந்தார்? அவரோ அந்த நான்கு நாளும் வேன் எப்போது வரும் என்று சாராவோடு சேர்ந்து ஜன்னலில் காத்திருந்திருக்கிறார். சபார்பெக்குக்கு வெட்கத்தில் காது சிவந்தது. பிறகு தார்ப்பாயைப் பார்த்தார். அதற்குப் பிறகு வெட்கப்பட நேரமில்லை.

கழற்றியபோது இன்ஜின் மூடிக்கு அடியிலிருக்கும் கேஸ்கெட் கிழிந்திருந்தது. அது இல்லாமல் மூட முடியாது. அவர் வேலியோரம் ஓடிப்போய் அண்ணனைக் கூப்பிட்டார். விவரம் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் மம்பெத் குதிரையில் இருந்தார். கோச்கோர் கடைகளில் இல்லாமல், கடைசியில் யாரோ ஒருவருடைய ஓடாத வேனிலிருந்து கேஸ்கெட்டைப் பெயர்த்துக்கொண்டு இரண்டு மணிக்கு வந்தார். இல்லாத தம்பிக்காகச் சேற்றில் இருபத்திரண்டு கிலோமீட்டர். இருவரும் தலையை இன்ஜினுக்குள் விட்டு வேலை செய்தார்கள். வெளிச்சம் மங்குமுன் வண்டி உறுமியது. இருட்டில் கணவாயைத் தாண்ட முடியாது, கிளம்புவது காலை ஆறு மணிக்குத்தான். ஒரு போல்ட் மட்டும் மிஞ்சியது. அதை இருவரும் பார்த்தார்கள். இருவரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

மம்பெத் வீட்டுக்குப் போய், கிடாவின் சூப்பை ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி, கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து முன்சீட்டில் வைத்தார். இதை அவள் குடித்தால் மதம் மாறிவிட மாட்டாள், பயப்படாதே என்றார். சபார்பெக் மறுக்கவில்லை. வேலியோரம் நின்றபடியே, பானையில் மிச்சமிருந்த கறியையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு உபவாசத்தை முடித்தார்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கடைமுனையில் இருபத்தொரு பேர். சபார்பெக் இன்ஜினை அணைத்துவிட்டுத் தலை குனிந்தார். ஆண்டவரே, என்றார். அதற்கு மேல் வரவில்லை. பதினாறு வருஷமாக ஒருநாளும் தடுமாறாத வாய். பின்னாலிருந்து, கன்னம் வீங்கிய சுயூம்கான்தான் முடித்துவைத்தார்: அவளை நல்லா வெச்சிரு, ஓட்டுறவனையும் பாத்துக்க. துஆ முடிந்ததும் செய்வதுபோல் எல்லோரும் உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். சபார்பெக் ஆமென் என்று சாவியைத் திருகிக் கியரைப் போட்டார்.

வழியிலிருக்கும் அணைக்கட்டைத் தாண்டியதும் அவர் திரும்பாமலே சொன்னார்:

"அவ குணமாயிட்டான்னு சொன்னேன்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

"அது எங்களுக்கும் தெரியும்" என்றார் சுயூம்கான். "ரோட்டைப் பாரு."

ஆஸ்பத்திரியில் பூபூசாரா படிக்கட்டுவரை இறங்கி வந்திருந்தாள். சூப்பைப் பாதி குடித்து, மீதியை அவருக்குக் கொடுத்தாள். மூன்று மணிக்காகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தபோது அவர் ஆறு முறை எழுந்தார்; ஏழாவது முறை அவள் அவருடைய கோட்டின் நுனியைத் தன் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. கெட்ட ஜாதிக் கட்டிதான். ஆனால் சீக்கிரம் எடுத்தாயிற்று. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும், ஆறு தடவை. அதற்குப் பிறகுதான் எதையும் சொல்ல முடியும்.

வெளியே வந்ததும், ஜெபம் பண்ணுங்க என்றாள் பூபூசாரா. அவர் கண்ணை மூடினார். கேட்பதற்கு ஆயிரம் இருந்தும், கூட இரும் என்பது ஒன்றுதான் வந்தது. அவள் அது போதும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அதையே சபையில் சொன்னார்: பயந்தேன், இன்னும் பயமாக இருக்கிறது, அவரைத்தான் நம்பியிருக்கிறேன், வேனும் ஓடும். எந்த இடத்தில் ஆமென் சொல்வது என்று தெரியாமல் பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிம்தான் மெதுவாக ஆரம்பித்து வைத்தார்.

இப்போது நான்கு தடவை முடிந்திருக்கிறது. முன்சீட் அவளுடையது, முடி கொட்டிய தலையில் பச்சைத் துணி, மடியில் வாந்திக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. மருந்து ஏற்றும் செவ்வாய்க்கிழமைகளில் வண்டி நிச்சயம் ஓடும் என்பதால், ஊரில் பல் பிடுங்குவது, பத்திரம் பதிவது, பெண் பார்க்கப் போவது எல்லாம் அந்தத் தேதிகளில்தான். உன் மனைவி குணமாகிவிட்டாளா என்று யாராவது கேட்டால் சபார்பெக் கண்ணாடியைத் துடைப்பார், டயரை உதைத்துப் பார்ப்பார், வேனை ஒருமுறை சுற்றி வந்து சொல்வார்:

"வர்ற செவ்வாய்க்கிழமை அஞ்சாவது. ஆறு மணிக்கு வந்துடுங்க."