மேஸ்திரி வேண்டாமென்ற ஊசி

எங்கள் வார்டில் மூத்த நர்ஸ் அக்காவுக்கு 'ஒட்டுப்பசை' என்று பட்டப்பெயர். வலியில் துடிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்கமாட்டாள். மேட்ரனம்மாவுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். நர்ஸ் என்றால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம்! நாங்கள்தான் ஓடினோமே, என்னத்தைக் கிழித்தோம்?

அன்று கட்டட மேஸ்திரி ஒருவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகினார். புற்று எலும்புவரை போயிருந்தது. வலிக்கு ஊசி கொண்டுபோனால் கையை இழுத்துக்கொள்வார். டாக்டர் "வேண்டாம்னா விடுங்க" என்று போயே போய்விட்டார். மகள் அழுதாள். நானும் கெஞ்சினேன், அதட்டினேன். மனுஷர் மசியவில்லை.

அக்கா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஏன்ப்பா வேண்டாங்கிறீங்க?"

அடக் கடவுளே, இதை எங்களில் ஒருத்திகூடக் கேட்டிருக்கவில்லை!

மெல்ல வாய் திறந்தார். "என் தம்பி சாரத்துலருந்து விழுந்தான்மா. கயிறு நான் கட்டினது. வலியில கத்திக் கத்தியே செத்தான். இது மேல இருக்கறவன் எனக்குக் குடுத்த தண்டனை. அனுபவிச்சுத்தான் தீர்க்கணும்."

அக்கா பூசி மெழுகவில்லை. "தம்பிகிட்ட சொல்ல வேண்டியது இருந்தா சொல்லுங்க. நான் கூட இருக்கேன்" என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

மேட்ரனம்மா அப்போதுதானா வர வேண்டும்? "எந்திரி! கதை பேசவா சம்பளம்?"

எழுந்தால் மேஸ்திரி வாயை மூடிக்கொள்வார். அப்புறம் ஊசியாவது ஒன்றாவது! அக்கா அசையவில்லை.

"இப்ப எந்திரிக்கலன்னா நாளைக்கு வேலைக்கு வராத!"

"சரிங்க மேடம்."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேஸ்திரி தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அழுது ஓய்ந்தார். அப்புறம்தான் அக்கா கேட்டாள்: "அன்னைக்கு இந்த ஊசி இருந்திருந்தா தம்பிக்குப் போட விட்டிருப்பீங்களா?"

"கால்ல விழுந்து போடச் சொல்லியிருப்பேன்மா."

"அவரு மட்டும் உங்களுக்கு வேண்டாம்னு சொல்லுவாரா?"

மேஸ்திரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஊசிக்குக் கையை நீட்டினார்.

மறுநாள் அக்காவை நிறுத்திவிட்டார்கள். சொன்ன பேச்சுக் கேட்கவில்லையாம். வயிறு எரிகிறது! காலையில் மேட்ரனம்மா அசந்து தூங்கும் மேஸ்திரியைப் பார்த்துவிட்டு, "ஊசி போட்டா தூங்கப்போறாரு. இதுக்கு எதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றார்.

மகள் என்னிடம் கேட்டாள்: "அந்த சிஸ்டர் எங்க? அடுத்த ஊசிக்கு அப்பா அவங்களைத்தான் கேப்பாரு."

நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? நடையைக் கட்டிய மேட்ரனம்மாவைப் பார்த்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்: "மேடம், நில்லுங்க! இந்தப் பொண்ணுக்கு நீங்களே சொல்லிட்டுப் போங்க!"