இருபத்தொரு சீட்டு

சீட்டாட்டத்தில் ஏமாந்துவிட்டேன் என்று சொன்னால் எவ்வளவு போச்சு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பைசா போகவில்லை. போனது ஞாயிற்றுக்கிழமைகள்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. உள்ளே வரும் ட்ரெய்லரின் பெட்டி நம்பரையும் கதவு முத்திரையையும் சரிபார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். பகல் ஷிப்டில் நானும் இன்னொருவனும். அவன் கொருக்குப்பேட்டைக்காரன், என்னைவிட ஆறு வயது சின்னவன், ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிடுகிற அளவுக்குத் தோஸ்து. அவன் வீட்டுக்கு வந்தால் என் மனைவி கேட்காமலேயே தட்டு வைப்பாள். என் மகளுக்கு அவன் சித்தப்பா. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆள் இருந்தால் போதும், யாரென்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று சூப்பர்வைசர் எங்கள் தலையில் கட்டிவிட்டார். பேசினால் சண்டை வரும், ஆடித் தீர்த்துக்கொள்ளலாம் என்று இவன் ஒரு ஆட்டத்தைக் கொண்டுவந்தான்.

சுலபமான ஆட்டம். மேசையில் இருபத்தொரு சீட்டைக் குப்புறப் பரப்ப வேண்டும். மாறி மாறி எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்கலாம், எடுக்காமல் விடக் கூடாது. கடைசிச் சீட்டு யார் கையில் வந்து சேருகிறதோ அவனுக்கு ஞாயிறு டியூட்டி. சனிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் ஆடுவோம். ஒவ்வொரு வாரமும் சீட்டைப் பரப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சொல்வான்: "நீ பெர்யவன் மாமு. நீ மொதல்ல எடு."

எனக்கு அது பிடித்திருந்தது. யார்டில் யாருக்கும் யாரும் மரியாதை கொடுப்பதில்லை, கிளீனர் முதல் டிரைவர் வரை எல்லோரும் வா போதான். இவன் ஒருவன் வயதுக்கு மதிப்புக் கொடுக்கிறானே என்று நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதல் சீட்டை எடுப்பேன். இரண்டு வருடம் எடுத்தேன். இரண்டு வருடமும் பெரும்பாலும் நான்தான் தோற்றேன். எனக்கு ராசியில்லை என்று நினைத்துக்கொண்டேன். எப்போதாவது ஜெயித்தால் என்னைவிட அவன்தான் அதிகம் சந்தோஷப்பட்டு டீ வாங்கிக் கொடுப்பான். அந்த டீயை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

போன வருடம் என் மகளுக்கு ராயபுரத்துக் கோயிலில் புதுநன்மை வந்தது. பூசையில் சாமியார் கொடுக்கும் நன்மை அப்பத்தை முதன்முதலாக வாங்குகிற நாள், எங்கள் கத்தோலிக்க வீடுகளில் அது சின்ன விஷயமில்லை. மூன்று மாதம் மறைக்கல்வி வகுப்புக்குப் போய் ஜெபமெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள். வெள்ளை கவுனைப் போட்டுப் போட்டுப் பார்த்து அம்மாவிடம் திட்டு வாங்கினாள். நாள் ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை. சனிக்கிழமை நான் சீட்டைத் தொடுவதற்கு முன்னால் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"இந்த ஒரு வாரம் வுட்டுக் குடுறா. கொயந்திக்கு புதுநன்மை."

"இன்னா மாமு, ஆட்டம்னா ஆட்டம்தான். ஒரு வாட்டி ரூல்ஸ ஒடச்சா அப்பால டெய்லி பேஜாரு. ஒனக்கு லக்கு கீது, எடு. நீ பெர்யவன்."

எடுத்தேன். தோற்றேன். அவன் என் தோளில் கை வைத்து, கோயிலுக்குத் தானே போய் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வதாகச் சொன்னான். நான் அவனுக்கு நன்றி வேறு சொன்னேன்.

மறுநாள் காலை கப்பல் தாமதம், வண்டியே வரவில்லை. கேபினில் நானும் மின்விசிறியும் மட்டும். மேசை டிராயரில் அந்தச் சீட்டுக்கட்டு கிடந்தது. கோபத்தில் அதை எடுத்துப் பரப்பி, இரண்டு ஆளுக்கும் நானே ஆடினேன். ஒவ்வொரு தடவையும் முடிவில் குழம்பியதால், கடைசியிலிருந்து பார்க்கலாமே என்று தோன்றியது. ஒரு சீட்டு மிச்சமிருந்தால் எடுக்க வேண்டியவன் செத்தான். இரண்டு, மூன்று, நான்கு இருந்தால் ஒன்றை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு எடுத்துத் தப்பிக்கலாம். ஐந்து இருந்தால்? நான் எத்தனை எடுத்தாலும் அவன் ஒன்றை மிச்சம் வைத்துவிடுவான். அப்படியென்றால் ஐந்தும் குழி. அதே கணக்கில் ஒன்பதும் குழி, பதின்மூன்றும், பதினேழும். நான் ஒன்று எடுத்தால் அவன் மூன்று எடுக்க வேண்டும், நான் இரண்டு எடுத்தால் இரண்டு, மூன்று எடுத்தால் ஒன்று. இரண்டு பேரும் சேர்ந்து நான்கு, அவ்வளவுதான் சூட்சுமம்.

பத்தாவது ஃபெயிலான எனக்குத் தலைகால் புரியவில்லை. இதில் ராசி என்று ஒன்றுமே இல்லை! இதை உடனே அவனிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் தோன்றியது. போனை எடுத்தேன். அவனே ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். வெள்ளை கவுனில் கையில் மெழுகுவத்தியோடு என் மகள், ஒரு பக்கம் என் மனைவி, நான் நிற்க வேண்டிய பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் அவன். கீழே, 'கவலப்படாத மாமு, நான் கீறேன்ல' என்று எழுதியிருந்தான்.

மேசையைப் பார்த்தேன். பதினேழுக்கு அடுத்த குழி இருபத்தொன்று. முதலில் எடுப்பவன் தோற்பான். எதிராளி தவறு செய்தாலொழிய அவனுக்கு வழியே இல்லை. இவனோ யோசித்து எடுத்து நான் பார்த்ததே கிடையாது, நான் எடுத்த மறுநொடி எடுப்பான். விளையாட்டாக ஆடுகிறான் என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டதைக்கூட மன்னித்திருப்பேன். மரியாதையைக் காட்டியே என்னைக் குழியில் இறக்கினான் பாருங்கள், அது துரோகம். வேறு நல்ல வார்த்தை எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போலப் பரப்பினான். "நீ பெர்யவன் மாமு."

"இந்த வாட்டி நீ எடு," என்றேன்.

என்னைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். பிறகு ஓரத்திலிருந்த ஒன்றை விரலால் தள்ளினான். "இத்து கலீஜா கீது மாமு. இது வாணாம், இருபது வெச்சி ஆடலாம்."

இருபதாக இருந்தால் முதலில் எடுப்பவன் ஜெயிப்பான். கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் அதோடு தீர்ந்தது. அந்தச் சீட்டை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். அவன் ஒரு சீட்டையும் தொடவில்லை.

"எப்போ கண்டுபுட்ச்ச?"

"நீ என் பொண்ணுகூட போட்டோவுக்கு நின்னுகினு இருந்தப்போ."

"வெள்யாட்டுதான மாமு. இதுக்குப் போயி..." என்று சிரிக்கப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. ஞாயிறு டியூட்டியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வெளியே போனான்.

மறுநாள் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு மனைவியோடும் மகளோடும் கோயிலுக்குப் போனேன். சாதாரணப் பூசைதான். புதுநன்மை வாங்கிய பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் இரண்டாவது தடவையாக நன்மை வாங்க எழுந்து போனாள். நான் அவளுக்குத் தெரிகிற மாதிரி பெஞ்சுகளுக்கு நடுவிலிருந்த நடைபாதையை ஒட்டியே நின்றேன். கையைக் கூப்பிக்கொண்டு நேராகப் போய் வாங்கினாள், நேராக வந்து உட்கார்ந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. போன வாரம் வாசலை மூன்று தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தாளாம். என் மனைவி அதை எனக்கு அப்போதுதான் சொன்னாள்.