மணிக்கட்டில் இரண்டு விரல்

சேலையூரில் எங்கள் காலனி சங்கக் கூட்டத்தில்தான் அவரைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, மே மாத வெயிலிலும் கழுத்தில் மப்ளர். இடதுகை விரல் இரண்டால் வலது மணிக்கட்டைப் பிடித்து நாடித்துடிப்பை எண்ணியபடி, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலனி முழுவதும் ஒரே மருத்துவ இன்சூரன்ஸில் சேர வேண்டும், சேராத வீட்டுக்கு அபராதம் என்றார் செயலாளர். நான் எழுந்தேன். "ஜலதோஷம்கூட வராதவனுக்கு ஃபைனா? ஆரோக்கியமா இருக்கறது குத்தமா சார்?" பலத்த கைதட்டல். தனிமனித உரிமை பற்றி அத்தனை புத்தகம் படித்ததற்கு அன்றுதான் பலன் கண்டேன்.

டீ இடைவேளையில் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லா பேசினீங்க சார். ஆனா எல்லா வீடும் சேர்ந்தாத்தான் டெஸ்ட் இல்லாம எடுத்துப்பாங்களாம். நான் தனியா கேட்டுப் பார்த்தேன். ஹார்ட்டை டெஸ்ட் பண்ணிட்டு முடியாதுன்னுட்டாங்க."

"அதுக்கு நான் என்ன சார் பண்றது?"

"நீங்க உள்ள வந்தாத்தானே எனக்கு இடம்?" மணிக்கட்டை விடவில்லை. "போன வருஷம் வரைக்கும் நானும் உங்கள மாதிரிதான் சார் பேசிட்டிருந்தேன்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். என் வலது கை எழுந்தது. அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இடது கையும் கூடவே எழுந்தது.

"சாருக்கு ரெண்டு ஓட்டா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "எவ்வளவு வருது சார்?" என்றார், கவலையாக.