பூசை வைத்த கதவுப்பூட்டு

காரின் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் என் கணவரின் இடது கை தானாகக் கதவின் கைப்பிடிக்குப் போய்விடும். மகள் வாங்கியிருக்கும் இந்தக் காரில் நகரத் தொடங்கியதுமே நாலு கதவும் தாமாகப் பூட்டிக்கொள்ளும். ஒன்று சரியாகச் சாத்தாவிட்டாலும் கார் மணியடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் அவர் கையை எடுக்கமாட்டார். எங்களோடு புதிதாக வருகிறவர்கள், மகளின் ஓட்டத்துக்குப் பயந்துதான் மனிதர் இப்படித் தொங்கிக்கொண்டு வருகிறார் என்று நினைத்துச் சிரிப்பார்கள். மகளுக்கும் அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. பயமுமில்லை, ஒரு மண்ணுமில்லை. அது அத்தானின் காரில் வந்த பழக்கம்.

அத்தான் என் அக்காவின் கணவர். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் நானும் தம்பியும் கோப்பாயில் அக்கா வீட்டில்தான் வளர்ந்தோம். அத்தானுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. வேலைக்குச் சைக்கிளில் போவார். கார் வீட்டில் நிற்கும். ஊர் டொக்டர் ஒருவர் ஓடிக் களைத்து விற்ற கறுப்பு நிற ஏ-40 அது. வாழைத் தோட்டத்தின் ஓரத்தில் அதற்கென்று ஓலைக் கொட்டில் போட்டிருந்தார். கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் அது வெளிக்கிடும். மற்ற நாட்களில் அத்தான் அதைத் துடைப்பார், திறப்பார், மூடுவார், உள்ளே ஏறி இருந்து பேப்பர் வாசிப்பார். அக்கா கோபம் வந்தால், "உங்கடை மூத்த பெண்சாதிக்குத் தேத்தண்ணி கொண்டுவரட்டோ?" என்று கேட்பாள். அத்தான் மறுக்கமாட்டார்.

வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம் ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அது நல்ல காலம். அத்தானின் காருக்குக் கெட்ட காலம். கதவு றப்பர் இற்றுப் போனபோது சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி ஒட்டினார். பழைய லொறி ரயரைக் குடைந்து, குலுக்கம் தாங்க அடியில் வைக்கும் புஷ் செய்தார். பின் விளக்கு உடைந்த இடத்தில் சிவப்புத் தாள் சுற்றிய ஜாம் போத்தல் மூடி இருந்தது. இத்தனைக்கும் கார் ஓடியது, ஒரு நாளும் எங்களை நடுத்தெருவில் விட்டதில்லை. ஆனால் அத்தானின் மனம் ஆறவில்லை. யாராவது, "கார் நல்லாய் ஓடுது" என்று சொன்னால், "ஓடுது, ஆனா எல்லாம் ஒட்டு" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்.

பிறகு அரசாங்கம் மாறியது, கப்பல்களில் எல்லாமே வந்து இறங்கத் தொடங்கின. பெரியகடைப் பக்கம் ஒரு கடையில் பழைய கார்களுக்குப் புதுச் சாமான்கள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்ட அன்று அத்தான் கந்தோரிலிருந்து நேரே அங்கே போய்விட்டார். "கிளாக்கர் ஐயா, ஒறிஜினல் செய்யிறதை அவங்கள் எப்பவோ விட்டிட்டாங்கள். இது கொப்பி. ஆனா அச்சொட்டு, அப்பிடியே அதுதான்" என்று கடைக்காரர் சொன்னாராம். வீட்டுக்கு வந்து அத்தான் பெட்டியைப் பிரித்தபோது எங்களுக்கும் வாய் ஊறியது உண்மை. சிவப்புக் கண்ணாடி விளக்கு, கன்னங்கரேலென்ற றப்பர், எஞ்சின் மூடியை மாட்டும் பளபளக்கும் பொனற் கொளுக்கி. "பார் பிள்ளை, அச்சொட்டு" என்று ஒவ்வொன்றையும் என் மூக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

அச்சொட்டு என்ற சொல்லை நான் வெறுக்கத் தொடங்கியது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. விளக்கின் ஆணித் துளைகள் காரின் துளைகளுக்கு ஒரு விரல் தள்ளி இருந்தன. புதுத் துளை போட்டால் விளக்கு சாய்ந்தது. கார் ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்தது. கொளுக்கி கொளுவினால் பொனற் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. றப்பர் பெருவிரல் தடிப்பு. அதை ஒட்டியபின் எந்தக் கதவும் சாத்தவில்லை. அத்தான் தோளால் இடிப்பார், கதவு திரும்பி வந்து அத்தானை இடிக்கும். சாதுவான மனிதர் அவர். அன்று அவர் வாயில் வந்ததெல்லாம் கோதாரியும் சனியனும் அறுவானும்தான். சைக்கிள் ரியூப் ஒழுங்காய்ச் செய்த வேலையைக் கடல் கடந்து வந்த றப்பர் செய்யவில்லை என்பது அவருக்குப் பொறுக்கவேயில்லை. ஆனாலும் அடுத்த மாதம் மறுபடியும் அதே கடைக்குப் போனார். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. ஒட்டெல்லாம் போய், கார் ஒரு நாளாவது முழுசாய் நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

அந்த ஒரு நாள் எது என்பதும் அவருக்கு முடிவாகியிருந்தது. எனக்குக் கலியாணம் பேசி முடிந்த நேரம் அது. மாப்பிள்ளை சுன்னாகம், கணக்கு வாத்தியார். எங்கள் வழக்கப்படி பெண்ணின் சகோதரன் தோழனாகப் போய் மாப்பிள்ளையை அழைத்து வரவேண்டும். "மாப்பிள்ளை என்ரை காரிலைதான் வருவார்" என்று அத்தான் சொல்லிவிட்டார். அவர்கள் பக்கத்துப் பெரியப்பா ஒருவர் தன் புதுக்காரைத் தருவதாகச் சொன்னதும் அத்தானுக்கு ரோசம் இன்னும் கூடிவிட்டது.

எனக்கோ காரைப் பற்றிக் கவலையில்லை; மாப்பிள்ளையைப் பற்றித்தான் கவலை. பெண் பார்க்க வந்த அன்று மனிதர் ஒரு சொல் கதைக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்தார், நிலத்தைப் பார்த்தார், போய்விட்டார். தாயின் அரியண்டம் தாங்காமல்தான் ஓமென்றாராம் என்று யாரோ சொன்னதும் என் காதில் விழுந்திருந்தது. விருப்பமில்லாத ஒருவருக்குக் கழுத்தை நீட்டுகிறேனோ என்ற பயம் என்னை விடவேயில்லை. இதை நான் யாரிடம் கேட்க? அக்காவிடம் கேட்டால், "விசர்க்கதை கதையாதை" என்பாள்.

இந்த நேரத்தில்தான் அத்தான் பின் இடப்பக்கக் கதவுக்குப் புதுப்பூட்டு வாங்கினார். மாப்பிள்ளை ஏறி இறங்கும் கதவு அது. இந்த முறை மிகவும் புத்திசாலித்தனமாக நடந்துகொள்வதாக நினைத்து, பூட்டைக் காரில் வைத்துப் பார்க்கும் முன்பே பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனார். கார்களுக்குப் பூசை செய்து பழகிய ஐயர் இதற்கும் அர்ச்சனை செய்யச் சம்மதித்து, யாருடைய பெயருக்கு என்று கேட்டிருக்கிறார். காருக்கு ஏது நட்சத்திரம்? அத்தான் கொஞ்சம் யோசித்து என் பெயரையும் என் நட்சத்திரத்தையும் கொடுத்துவிட்டார். சந்தனமும் குங்குமமும் வைத்த பூட்டோடு அவர் வீட்டுக்கு வந்தபோது முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது.

பூட்டு பொருந்தியதா? பூட்டின் நாக்கு கதவுத்தூணில் இருந்த கொளுவியைத் தொடவேயில்லை. கீழே எங்கேயோ போய் நின்றது. கடைக்காரர் நல்ல மனிதர். பொருந்தாவிட்டால் கொண்டுவாருங்கள், எடுக்கிறேன் என்று ஏற்கனவே சொல்லியிருந்தார். பழைய பூட்டும் பத்திரமாக இருந்தது.

"திருப்பிக் குடுத்திட்டுப் பழசைப் போடுங்கோவன். பழசு நல்லாய்த்தானே பூட்டினது" என்றாள் அக்கா.

"உமக்கென்ன விசரே? பிள்ளையின்ரை பேரிலை பூசை வைச்ச சாமான். அதைத் திருப்பிக் குடுக்கிறதோ? கலியாணம் நடக்கப்போற வீட்டிலை?"

அதைக் கேட்டதும் அக்காவும் வாயை மூடிக்கொண்டாள். பிழை அங்கேதான் நடந்தது. ஆனால் எங்கள் வீட்டில் யாருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை, எனக்குந்தான். அதற்குப் பிறகு பூட்டைக் காருக்குப் பொருத்துகிற கதையே இல்லை. பூட்டுக்குக் காரைப் பொருத்துகிற வேலைதான். பின்னேரங்களில் கந்தோர் உடுப்பை மாற்றிவிட்டுக் கொட்டிலுக்குள் போவார். கொளுவியை அரத்தால் ராவினார். பால்மா ரின்னை வெட்டித் தகடு தகடாக அடியில் வைத்தார். றப்பரை அந்த இடத்தில் மட்டும் சீவினார். மற்றச் சாமான்களை வாய்க்கு வந்தபடி ஏசியவர் இந்தப் பூட்டை ஒரு சொல் ஏசவில்லை. கோபம் தலைக்கேறி, "மூதே..." என்று தொடங்குவார், என் நட்சத்திரம் நினைவுக்கு வந்துவிடும், விழுங்கிவிட்டு, "பூட்டடி பிள்ளை, பூட்டு" என்று கெஞ்சுவார். சமையலறையிலிருந்து அதைக் கேட்டு நாங்கள் சிரித்துக் களைத்துப் போவோம். கடைசியில் ஒரு நாள் கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ளியபோது டக்கென்று பூட்டியது. அத்தான் எங்களையெல்லாம் கூப்பிட்டுத் திறந்து திறந்து பூட்டிக் காட்டினார்.

விளக்கையும் பொனற்றையும் மற்றக் கதவுகளையும் அத்தான் எப்படியோ சரிக்கட்டியிருந்தார்; கலியாணத்தன்று காலையில் கார் உண்மையிலேயே வடிவாய்த்தான் இருந்தது. அத்தான் ஓட்ட, தம்பி வேட்டி சால்வையோடு ஏறிக்கொண்டு போனான். நான் அலங்காரத்தோடு உள்ளறையில் இருந்தேன். முகூர்த்தம் நெருங்குகிறது, கார் வரவில்லை, அக்கா உள்ளே வருவதும் வெளியே போவதுமாக நின்றாள். பிறகு ஹோர்ன் சத்தம் கேட்டது. மேளம் முழங்கியது. யன்னல் இடுக்கால் பார்த்தேன். மாப்பிள்ளை இறங்கினார், வலது காலை முதலில் வைத்து, ஒழுங்காய். தம்பி அவர் காலைக் கழுவினான், ஆராத்தி எடுத்தார்கள். அவர் முகம் மட்டும் களைத்து வேர்த்திருந்தது.

மணவறையில் அவர் எனக்குத் தாலி கட்டியபோது நான் குனிந்திருந்தேன், எதையும் பார்க்க முடியாது. ஆனால் என் பிடரியில் அவர் விரல்கள் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. கொஞ்சநஞ்ச நடுக்கமில்லை, முடிச்சுப் போட முடியாமல் இரண்டு தரம் நழுவியது. பின்னால் நின்ற பெண்கள், "மாப்பிள்ளைக்கு இப்பவே நடுக்கம்" என்று பகிடி பண்ணினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் பயந்தது சரிதான், இந்த மனிதருக்கு மனமில்லை, மனமில்லாமல்தான் கட்டுகிறார் என்று நினைத்தேன். மேளச் சத்தத்துக்குள் கண்ணீர் வந்தது. பிரிகிற துக்கம் என்று அக்கா நினைத்துத் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

பின்னேரம் நாங்கள் கால்மாறுகிற சடங்குக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டும். அதே கார். அத்தான் ஓட்ட, அக்கா முன்னால். தம்பி என்னைக் கொண்டுவந்து பின்னால் இடப்பக்கம் இருத்தினான்; மனைவி இடப்பக்கம்தானே. மாப்பிள்ளை வந்து கதவடியில் நின்று, "நீர் அங்காலை தள்ளி இரும்" என்றார். அவர் என்னோடு கதைத்த முதற் சொல் அது. நான் மற்ற ஓரத்துக்கு நகர்ந்தேன். இவர் ஏறிக் கதவோடு ஒட்டிக்கொண்டு இருந்தார். நடுவில் பலகாரத் தட்டு. பக்கத்தில் இருக்கக்கூட விருப்பமில்லையாக்கும் என்று நான் வெளியே வெங்காயத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

உரும்பிராய்ச் சந்தியில் கார் திரும்பியபோது இடது பக்கத்தில் திடீரென்று காற்று வந்தது. திரும்பினேன். கதவு ஒரு சாண் விலகியிருந்தது. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் அதை உள்ளே இழுத்தார். அந்தக் கை நடுங்கியது. உள்ளங்கையில் கைப்பிடியின் விளிம்பு வெட்டிய சிவப்புக் கோடு, அதன் மேல் இன்னொரு கோடு.

"கதவு பூட்டாது" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "ஆக்கள் ஏறினால் கழலுது. காலையிலை வரேக்கையும் இப்பிடித்தான்."

"வழி முழுக்கப் பிடிச்சுக்கொண்டே வந்தனீங்கள்?"

"ஓம். உம்மடை அத்தான் நிப்பாட்டிக் கயித்தாலை கட்டுவம் எண்டவர். நான் விடேல்லை. கயித்தாலை கட்டின காரிலை வந்து இறங்கினால் சனம் அவரையெல்லோ கதைக்கும்? பாவம், ஆசையாய்ச் செய்த மனிசன்." கதவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நீர் ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றார்.

எனக்கு அப்போது வந்தது அழுகையா சிரிப்பா என்று தெரியாது. காலையிலிருந்து நான் சுமந்துகொண்டிருந்த கல் இறங்கிவிட்டது. பலகாரத் தட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கம் நகர்ந்தேன். முகம் துடைக்கவென்று இடுப்பில் செருகியிருந்த லேஞ்சியை எடுத்து மடித்து, அவர் உள்ளங்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே வைத்தேன். அவர் கையைக் கொஞ்சம் தளர்த்தி லேஞ்சிக்கு இடம் விட்டார். முன்னால் கண்ணாடியில் அத்தானின் கண்கள் தெரிந்தன. அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சட்டென்று தெருவைப் பார்த்தார்.

சுன்னாகத்தில் நாங்கள் இறங்கியபின் அத்தான் சுற்றி வந்து அந்தக் கதவைச் சாத்தினார். பாரம் இறங்கிவிட்டதல்லவா, ஒரே தள்ளில் டக்கென்று பூட்டியது. அத்தான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இப்ப பூட்டுறாய், மூதே..." என்றவர் என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார். இவர் போய் அத்தானின் தோளில் கையை வைத்து, "பரவாயில்லை அண்ணை, பழகப் பழகச் சரிவரும்" என்றார். சரியும் வந்தது. ராவி ராவி, தகடு மாற்றி மாற்றி, எங்கள் மூத்தவள் பிறந்த காலத்தில் அது ஆட்கள் ஏறினாலும் கழலாத பூட்டாகிவிட்டது. "பாத்தியே பிள்ளை, அச்சொட்டு" என்றார் அத்தான், ஏதோ பெட்டியிலிருந்து எடுத்த அன்றே பொருந்தியதுபோல. அவர் இருந்தவரைக்கும் அந்தப் பூட்டு அந்தக் கதவில்தான் இருந்தது.

அத்தானும் இப்போது இல்லை, அந்தக் காரும் இல்லை. போன கிழமையும் கோயிலுக்குப் போகும்போது மகள் கண்ணாடியில் பார்த்து, "அப்பா, கதவு பூட்டித்தான் இருக்கு" என்றாள். "தெரியும் பிள்ளை" என்றார், கையை எடுக்கவில்லை. இந்தக் கைப்பிடி வழுவழுப்பான பிளாஸ்ரிக், யாருடைய கையையும் வெட்டாது. நான் கைப்பையைத் திறந்து லேஞ்சியை எடுத்து மடித்து நீட்டினேன். அவர் வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் கதவைப் பிடித்துக்கொண்டார்.