ரவா தோசைக்கு அடுத்தது

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா என்னையும் தங்கையையும் மயிலாப்பூர் மாடவீதியில் ஒரு காபி ஓட்டலுக்கு அழைத்துப் போவார். அவர் ஹைகோர்ட் வக்கீல். உட்கார்ந்ததும் பேப்பரை விரித்துவிடுவார். அதற்கு இந்தப் பக்கம் நாங்கள் என்ன அட்டகாசம் செய்தாலும் அவருக்குத் தெரியாது என்பது எங்கள் நம்பிக்கை.

அங்கே பரிமாறியவர் பாலக்காட்டுக்காரர். பலகாரப் பட்டியலை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். இருபத்தோரு அயிட்டம். ரேஷன் காலத்தில் அதில் மூன்றுதான் அடுப்பில் இருக்கும். ஆனாலும் முழுப் பட்டியலையும் சொல்லிவிட்டுத்தான் அந்த மூன்றைச் சொல்வார். நடுவில் யாராவது குறுக்கிட்டால், மறுபடி முதலிலிருந்துதான் அவருக்கு வரும். இதைக் கண்டுபிடித்தவன் நான். எட்டு வயசில் அதைவிடப் பெரிதாக நான் எதையும் சாதிக்கவில்லை. அவர் "ரவா தோசை" என்றதும், அதற்கு முன்னால் என்ன சொன்னீர்கள் என்று கேட்பேன். பாவம், மறுபடி இட்லியிலிருந்து வருவார். அடுத்த முறை தங்கை கேட்பாள்.

அவர் எதையும் எழுதிக்கொள்வதில்லை. எல்லா மேஜை ஆர்டரும் தலைக்குள்தான். ஒரு ஏகாதசியன்று நாங்கள் ஐந்து தடவை ஆரம்பிக்க வைத்ததில் அத்தனையும் கலைந்துபோயிற்று. பக்கத்து மேஜையில் பால் மட்டும் கேட்ட விரதக்காரருக்கு வெங்காய ரவா தோசை போயிற்று. அந்த மனுஷர் முக்கால் தோசையைத் தின்ற பிறகுதான் விரதம் கெட்டதென்று கூச்சல் போட்டார்.

முதலாளி கல்லாவை விட்டு இறங்கி வந்தார். தோள் துண்டை வைத்துவிட்டு ஊருக்கு ரயிலேறச் சொன்னார். பரிமாறுகிறவர் எங்களை ஒரு தரம் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. துண்டை மடிக்க ஆரம்பித்தார். தங்கை ஓவென்று அழுது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அப்பா பேப்பரை மடித்து வைத்து எழுந்தார்.

"பசங்களை அழைச்சுண்டு வந்தவன் நான். பேப்பர் படிச்சிண்டு உக்காந்திருந்தவனும் நான். அவர் சித்த நேரம் உக்காரட்டும். அவர் வேலையை நான் பார்க்கறேன்."

முதலாளி சிரித்தார். அப்பா துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

பட்டியல் கிட்டியல் ஒன்றும் அவர் சொல்லவில்லை. மேஜை மேஜையாகக் குறுக்கு விசாரணைதான். பூரி கேட்டவருக்கு இட்லியை வைத்துவிட்டு, தாம் கேட்டது இட்லிதான் என்று அவரையே ஒப்புக்கொள்ள வைத்தார். முக்கால் தோசை வரைக்கும் வெங்காயம் நாக்குக்குத் தெரியவில்லையா, ஆமா இல்லை என்று மட்டும் சொல்லலாம் என்று விரதக்காரரைக் கேட்டார். அவர் மீதிக் கால் தோசையையும் வாயில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அவர் பின்னாலேயே நாலு பேர் எழுந்து போனார்கள்.

முதலாளி கைகூப்பினார். "வக்கீல் சார், போறும். அவரே இருக்கட்டும். இனிமே அவரை ஒரு வார்த்தை சொல்லலே."

துண்டு உரியவர் தோளுக்குத் திரும்பியது. அவர் நேராக எங்கள் மேஜைக்கு வந்து இட்லியிலிருந்து ஆரம்பித்தார். "ரவா தோசை" என்றதும் பழக்க தோஷத்தில் நின்று எங்களைப் பார்த்தார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு அடுத்தது வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஊத்தப்பம்" என்றார் அப்பா.

அப்படியானால் இத்தனை ஞாயிறும் அவர் காதில் எல்லாம் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.