மூடி திறக்கும் நேரம்

மூடியைத் தூக்குமுன் கஜேந்திரன் மூச்சை அடக்கிக்கொள்கிறார். சின்ன இடைவெளி மட்டும் திறந்து, பூஞ்சணம் வளரும் கண்ணாடித் தட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார், மூடுகிறார், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மூச்சு விடுகிறார். "நம்ம வாயில இல்லாத கிருமியாங்க? ஒரு மூச்சுப் பட்டாப் போதும், மாசக்கணக்கு வேலை குப்பைக்குப் போயிரும்."

பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில் அவருக்கு வேலை. மருந்துச் செடிகளின் இலைக்குள், செடிக்கு நோவு தராமல் குடியிருக்கும் பூஞ்சணங்களை எடுத்து வளர்க்கிறார். அவற்றில் சில, கிருமிகளைக் கொல்லும் சாற்றைச் சுரக்குமாம். இலையை ஸ்பிரிட்டில் முக்கி, அலசி, மேலே ஒட்டியதெல்லாம் செத்த பிறகே வெட்டுவார். "வந்து போறவன் வேணாங்க. உள்ள குடியிருக்கவன்தான் வேணும்."

வீட்டிலும் இதே கதைதான். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் சோற்றுப் பானையைத் திறக்கும்போதும் மூச்சடக்குவாராம். "அண்ணே, அது சோறு, செத்துறாது" என்று தங்கை ஜெயந்தினி கிண்டல் செய்வாள். இப்போது அந்த வீட்டில் கிண்டல் இல்லை. காலமெல்லாம் கொழுந்து பறித்த அம்மா ரெங்கம்மா, சீனி வருத்தம் எனும் நீரிழிவு உள்ளவர், காலில் புண்ணோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். எந்த மருந்துக்கும் புண்ணில் இருந்த கிருமி மசியவில்லை.

அந்த வேளையில்தான் லயத்து வேலியோரம் பறித்த ஆடாதோடை இலையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பூஞ்சணம் முளைத்தது. அம்மாவின் புண்ணில் இருக்கும் அதே இனக் கிருமியைத் தட்டில் பரப்பி, நடுவில் இதை வைத்தார். சில நாளில் பூஞ்சணத்தைச் சுற்றி வட்டமாக ஒரு கிருமியும் இல்லை. அதே ஆய்வுகூடத்தில் கணக்கெழுதும் எனக்கும் காட்டினார். கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

செய்தி தெரிந்ததும் ஜெயந்தினி ஆய்வுகூட வாசலுக்கே வந்துவிட்டாள். "கொஞ்சம் வழிச்சுக் கொண்டாண்ணே. நம்ம வேலி எலைதானே, அதுல என்ன வெசம் இருக்கப் போவுது?"

"எலை நம்மளுதுதாம்மா. உள்ள இருக்கவன் யாருன்னு இன்னும் தெரியாது. கிருமியக் கொல்றவன் அம்மாவையும் கொன்னுட்டா?"

"தெரிஞ்சுக்க எவ்வளவு நாளாகும்?"

"வருசக்கணக்காகும்."

அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவர் சொல்வது சரி என்று தெரிந்த எனக்கே, அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் போலிருந்தது. கஜேந்திரன் உள்ளே போய்த் தட்டை அதன் இடத்தில் வைத்துப் பூட்டினார். அன்று மாலையே, வரும் வாரம் அம்மாவின் பாதத்தை வெட்டி எடுத்துவிடுவதென்று வைத்தியர்கள் முடிவு சொன்னார்கள்.

மறுநாள் அவரோடு நானும் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போனேன். தாதி புண்ணில் போட்டிருந்த கட்டைப் பிரிக்கத் தொடங்கினார். கஜேந்திரன் கட்டிலோரம் குனிந்து, அம்மாவின் காலைத் தாங்கிப் பிடித்திருந்தார். வாய் இறுக மூடியிருந்தது.

"நாறுதா சாமி?" என்று கேட்டார் ரெங்கம்மா.

இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார். தாதி புதுத் துணியைச் சுற்றி முடித்த பிறகுதான், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி மூச்சை விட்டார்.