தம்ளரில் கிடந்த பல்செட்

என் தங்கை ஆம்புலன்ஸ் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் வீட்டுக்கு ஒரு பல்செட்டைக் கொண்டுவந்தாள். மேல்வரிசை மட்டும். சீருடையைத் துவைக்க எடுத்த அம்மாதான் பாக்கெட்டில் அதைக் கண்டுபிடித்து, அலறாமல், ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுவைத்தாள். அலறியது நான்.

அன்று மதியம்தான் அவளுடைய முதல் கேஸ். பெரியவர் ஒருவர் சமையலறைத் தரையில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். கழன்று தொண்டையை அடைக்கும் பல்செட்டை உருவி, பெயர் எழுதிய பையில் போட்டு, மருத்துவமனையில் ஒப்படைக்க வேண்டும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான். இவள் உருவினாள், பாக்கெட்டில் போட்டாள், நெஞ்சை அழுத்தப் போய்விட்டாள். வழியில் நாடித்துடிப்பு திரும்பியது. மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டதும், "பிழைச்சாரா இல்லையான்னு கேட்டுட்டு நிக்காதே, அடுத்த கேஸ் வந்தாச்சு" என்றாராம் டிரைவர்.

இவள் கேட்கவில்லை. வீட்டில் சாப்பிடவும் இல்லை. தம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவர் செத்திருந்தா இந்த வேலைக்கு நான் லாயக்கில்லைக்கா. எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன்."

"முதல்ல பல்லைக் குடு. அப்புறம் எழுதிக் குடு" என்றேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது.

காலையில் பல்செட்டை டிபன் டப்பாவில் வைத்து இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். வார்டு வாசல் பெஞ்சில் பெரியவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். அரைமணி நேரத்துக்கு முன்தான் பெரியவர் போய்ச் சேர்ந்திருந்தார். நேற்று ஆம்புலன்ஸில் வந்தவள் என்று சொல்லித் தங்கை டப்பாவை நீட்டினாள். அந்தம்மா திறந்து பார்த்தார்.

"இதைத்தாம்மா வீடு பூரா தேடினேன். பல்லில்லாம வாசக்கதவைக்கூடத் திறக்க மாட்டார். இப்ப எல்லாரும் பார்க்க வரப்போறாங்க." டப்பாவைத் திருப்பி நீட்டினார். "எனக்குப் போட்டுவிடத் தெரியாது. நீயே போட்டுவிடுறியா?"

நர்ஸிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போய்த் தங்கை கையுறை மாட்டினாள். நேற்று உருவ ஒரு நொடி ஆகியிருக்கும். இன்று அவசரமே இல்லை. மெதுவாகப் பொருத்தினாள், உதட்டைச் சரிசெய்தாள், முகவாயைத் துடைத்தாள்.

"இப்பதான் இவர் அவரா இருக்கார்" என்றார் அந்தம்மா.

வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு மணிக்கு டியூட்டி. சீருடை காஞ்சிருக்குமாக்கா?"

காயாவிட்டால் இஸ்திரி போட்டுக் காயவைத்துத் தருகிறேன் என்றேன். அதுவரை அவளுக்கு நான் ஒரு கைக்குட்டைகூட இஸ்திரி போட்டுக் கொடுத்ததில்லை.